ஐந்திலிருந்து ஆறு வரை

ஜனவரி 8

அன்புள்ள சின்னவளுக்கு,

அண்ணி எழுதுகிறேன். நீயும் வாலுவும் எப்படி இருக்கிறீர்கள்? எழுத்து ஏன் இப்படிக் கோணிக்கொண்டு போகிறது என்று பார்க்காதே. கழுத்தை வளைக்கக் கூடாதாம், தாளைச் சுவரில் வைத்து எழுதுகிறேன். நான் நலம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். முக்கால் நலம் என்று வைத்துக்கொள்.

வார்டிலிருந்து என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். மருத்துவமனைக்குப் பின்னால், சலவைக் கட்டடத்தை ஒட்டி, எங்களைப் போன்றவர்களுக்கென்று ஓர் இல்லம் இருக்கிறது. எல்லார் மேலும் ஊற்றப்பட்டது ஒரே ஆசிட்தான், ஊற்றின ஆள்தான் வேறு. எனக்கு உன் அண்ணன். பக்கத்துக் கட்டிலில் இருப்பவளுக்கு, அவள் வேண்டாம் என்று சொன்ன மாப்பிள்ளை. அவளுக்கு ஒரு காது இல்லை. "ஒட்டுக்கேக்க ஒண்ணு போதும்" என்று சொல்லி, தன்னை ஒற்றைக்காது அக்கா என்றே கூப்பிடச் சொல்கிறாள். வாய் சும்மா இருக்காது.

அறையில் எல்லா வசதியும் இருக்கிறது, இரண்டைத் தவிர. கண்ணாடி இல்லை, தலையணை இல்லை. முகத்துக்கு ஓர் உறை கொடுத்திருக்கிறார்கள். இழுத்தால் நீளுகிற துணி, கண்ணுக்கும் மூக்குக்கும் வாய்க்கும் மட்டும் ஓட்டை. ஒட்டிய தோல் முண்டும் முடிச்சுமாகத் தடித்துவிடாமல் அது அமுக்கிப் பிடிக்கிறது. இரவு பகல் போட்டிருக்க வேண்டும். மாலை ஐந்திலிருந்து ஆறு வரை மட்டும் கழற்றி, எண்ணெய் தடவி நீவிவிடுவார்கள். வலது கண் இமை இன்னும் மூடுவதில்லை. படுக்கும்போது அதன்மேல் ஈரத்துணி வைத்துக்கொள்கிறேன். அன்றைக்கு நீ என்னைக் குளியலறைக் குழாயடியில் பிடித்துவைத்துத் தொட்டி வற்றும்வரை தண்ணீர் ஊற்றியிருக்காவிட்டால் அந்தக் கண்ணே இருந்திருக்காது என்று மருத்துவர் போகிற போக்கில் சொன்னார். உன்னிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

போனில் பேசினால் என்ன என்பாய். போன தடவை வாலு "இது அம்மா இல்ல" என்று சொல்லிப் போனை உன்னிடம் கொடுத்தது எனக்குக் கேட்டது. உதடு இழுத்துக்கொண்டதில் பேச்சு குழறுகிறது, அவள் மேல் தப்பில்லை. கடிதத்தில் என் குரல் பழையபடியே இருக்கிறது, பார்.

நான் கேட்க வந்தது ஒன்றுதான். அவளை எப்போது கூட்டிக்கொண்டு வருவாய்? பத்து மாதம் ஆகப்போகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து பார்க்க விடுகிறார்கள். எப்போது வேண்டுமானாலும் வாருங்கள். ஐந்திலிருந்து ஆறு மட்டும் வேண்டாம்.

உன் அண்ணி


ஜனவரி 30

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நாங்கள் இருவரும் சுகம். உங்களுடைய மீதிக் கால் பங்கு நலமும் சீக்கிரம் வந்து சேரட்டும்.

வாலுவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. அந்த ஓட்டை வழியாக விசில் அடிக்கக் கற்றுக்கொண்டு வீட்டை ரயில்வே ஸ்டேஷன் ஆக்கிவிட்டாள். தலை பின்ன உட்காரச் சொன்னால் "அம்மா இழுக்க மாட்டாங்க, நீங்க இழுக்கறீங்க அத்தை" என்கிறாள். ரொட்டிக் கம்பெனியில் என்னைப் பாக்கெட் போடும் இடத்திலிருந்து அடுப்புப் பக்கம் மாற்றிவிட்டார்கள். இந்தக் குளிருக்கு அது பரவாயில்லை.

உங்கள் அறையில் தலையணை இல்லை என்று படித்ததிலிருந்து மனசே கேட்கவில்லை. அவ்வளவு பெரிய மருத்துவமனையில் ஒரு தலையணைக்கா பஞ்சம்? நல்ல பஞ்சாக வாங்கி நானே தைத்து அனுப்பியிருக்கிறேன். உறை மட்டும் வாலுவின் பழைய கவுன்.

கூட்டிக்கொண்டு வருவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவளுக்கு இப்போது பரீட்சை. ஒன்றாம் வகுப்பில் என்ன பெரிய பரீட்சை என்று கேட்காதீர்கள். எனக்கும் புது இடம், உடனே லீவு கேட்க முடியாது. பார்க்கலாம் அண்ணி. கண்ணைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சின்னவள்


பிப்ரவரி 19

அன்புள்ள சின்னவளுக்கு,

விசிலடிக்கிற என் மகளுக்கும் அடுப்படிக்கு மாறிய அத்தைக்கும் என் அன்பு. உங்கள் இருவருக்கும் சளி, காய்ச்சல் ஒன்றும் இல்லையே?

தலையணை வந்தது. நாங்கள் சிரித்த சிரிப்பில் நர்சு ஓடிவந்துவிட்டாள். கழுத்து வெந்தவர்களுக்குத் தலையணை ஆகாது, சின்னவளே. தலையைத் தூக்கி வைத்தால் தாடை நெஞ்சோடு ஒட்டி வளர்ந்துவிடும். அதனால்தான் இந்த இல்லம் முழுக்கத் தேடினாலும் ஒன்றுகூடக் கிடைக்காது. தோளுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, கோழி மாதிரி கழுத்தை நீட்டிக்கொண்டு படுத்திருக்கிறோம். ஒற்றைக்காது அக்கா உன் தலையணையை இரண்டு நாள் உட்காரும் மணையாக வைத்துக்கொண்டாள். "உன் நாத்தனாருக்கு ரொம்ப நன்றி, பின்பக்கம் நல்லா இருக்கு" என்று எழுதச் சொன்னாள்.

எனக்கு இங்கே வேலை கிடைத்திருக்கிறது. முகத்து உறைகளை இங்கேதான் தைக்கிறார்கள். ஒற்றைக்காது அக்காதான் தையல் அறைக்குப் பொறுப்பு. நான் தையல்காரி என்று தெரிந்ததும் கையோடு உட்கார வைத்துவிட்டாள். இத்தனை வருஷம் உடம்புக்குக் கொஞ்சம் தளர்வு விட்டுத் தைத்துப் பழகிய கை. இங்கே அளவைவிடக் குறைத்து வெட்ட வேண்டும், இறுக்கினால்தான் குணமாகும். முதல் உறையைப் பழக்கதோஷத்தில் தளர்வாகத் தைத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இல்லத்தில் மன ஆலோசனை சொல்ல ஓர் அம்மா வருகிறார். அவரை நாங்கள் பேச்சு டீச்சர் என்போம். குழந்தை இருக்கிறவர்கள் உறை போட்ட பொம்மை ஒன்று தைத்து முதலில் வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்பது அவர் வழக்கம். பிள்ளைகள் அதைத் தூக்கி வைத்து விளையாடி விளையாடி உறைக்குப் பழகிவிடுவார்களாம். அம்மாவைப் பார்க்கும்போது பயம் இருக்காதாம். உன் பஞ்சு எதற்கு உதவியது என்று இப்போது தெரிந்திருக்கும். கவுன் துணி பொம்மைக்கே சட்டையாகிவிட்டது.

உறையைக் கழற்றி மாட்டுகிற மாதிரி பின்னால் பட்டன் வைத்திருக்கிறேன். உள்ளே முகம் இருக்கிறது. கொஞ்சம் கர்வமாகவே சொல்கிறேன், இதைவிட நன்றாக நான் எதையும் தைத்ததில்லை. தாடையில் இருக்கும் மச்சத்தைக்கூட விடவில்லை. என் கையால் என்று சொல்லி அவளிடம் கொடு. பரீட்சை முடிந்திருக்குமே, எப்போது வருகிறீர்கள்?

உன் அண்ணி


ஏப்ரல் 6

அன்புள்ள சின்னவளுக்கு,

நீங்கள் நலம்தானே? பார்சல் வந்ததா? ஆறு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. தபாலில் தொலைந்து போயிருந்தால் சொல், இன்னொன்று தைக்கிறேன், பஞ்சு மீதி இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே நாற்காலிகளைத் துடைத்து வரிசையாகப் போடுவார்கள். யாராவது வருகிறவர்களுக்கு. முதல் இரண்டு மூன்று வாரம் நானும் ஒரு நாற்காலியை இழுத்து எனக்கு எதிரில் போட்டு வைத்தேன். பிறகு பார்ப்பவர்களுக்குச் சங்கடமாக இருக்குமே என்று விட்டுவிட்டேன். இப்போது ஞாயிறன்றும் தையல் அறைக்குப் போய்விடுகிறேன். தையல் இயந்திரச் சத்தத்தில் ஒன்றும் தெரிவதில்லை.

அடுத்த மாதம் கண் இமைக்கு அறுவை சிகிச்சை. கூட யார் இருப்பார்கள் என்று கேட்டார்கள். பார்க்கலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

உன் அண்ணி


ஏப்ரல் 24

அன்புள்ள அண்ணிக்கு,

நாங்கள் இருவரும் சுகம். பார்சல் வந்து சேர்ந்தது. எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பொம்மை ரொம்ப அழகு. அலமாரி மேல் பத்திரமாக வைத்திருக்கிறேன். நேரம் பார்த்துக் கொடுக்கிறேன்.

கோர்ட்டில் கூப்பிட்டார்கள், போய்ப் பார்த்ததைப் பார்த்தபடி சொல்லிவிட்டேன். அவன் நின்ற பக்கம் நான் திரும்பவில்லை. அன்றிலிருந்து எங்கள் அம்மா என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள். கடைவீதியில் எதிரில் பார்த்தால் மறுபக்கம் போகிறார்கள். இது உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை, ஆனாலும் வேறு யாரிடம் சொல்வது.

அறுவை சிகிச்சைக்கு வர முடியும் என்று தோன்றவில்லை அண்ணி. வாலுவை யாரிடம் விட்டுவிட்டு வருவது? இவளைப் பார்க்க இந்தத் தெருவில் எனக்கு வேறு நாதி இல்லை. அவள் நன்றாகத் தூங்குகிறாள், நன்றாகச் சாப்பிடுகிறாள். அதில் உங்களுக்கு ஒரு கவலையும் வேண்டாம்.

சின்னவள்


மே 21

அன்புள்ள சின்னவளுக்கு,

இந்தக் கையெழுத்து என்னுடையது இல்லை. இரண்டு கண்ணையும் கட்டி வைத்திருக்கிறார்கள். நான் சொல்லச் சொல்ல ஒற்றைக்காது அக்கா எழுதுகிறாள். நீயும் வாலுவும் சுகமாக இருக்க வேண்டும். நான் இப்போதைக்கு அரை நலம்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. காதுக்குப் பின்னாலிருந்து தோல் எடுத்து இமைக்கு வைத்திருக்கிறார்கள். வலி தாங்கக்கூடியதுதான். கண்ணைக் கட்டிவிட்டால் எல்லாச் சத்தமும் பெரிதாகக் கேட்கிறது. தள்ளுவண்டிச் சத்தம், நர்சின் செருப்புச் சத்தம், எதிர்க் கட்டில்காரிக்கு அவள் அம்மா பழம் நறுக்கும் சத்தம்.

நீ சாட்சி சொன்னதற்கு நான் என்ன சொல்வதென்று தெரியவில்லை. உன் அம்மா ஒரு நாள் பேசுவார்கள். வேறு விசேஷம் இல்லை. வாலுவின் பல் முளைத்துவிட்டதா?

உன் அண்ணி

இது ஒத்தக்காது அக்கா. மேல எழுதுனது அவ சொன்னது, இது நானா எழுதறது, அவளுக்குத் தெரியாது. படிச்சுக் காட்டச் சொன்னா இந்த இடத்த விட்டுட்டுப் படிப்பேன். தங்கச்சி, இவ ரெண்டு தடவ கேட்டா, மூணாவது தடவ கேக்க மாட்டேங்கறா, கவனிச்சீங்களா? கேட்டாத்தான இல்லேன்னு சொல்லுவீங்கன்னு பாக்குறா போல. கண்ணக் கட்டுன அன்னிக்கு மயக்கத்துல வாலு வாலுன்னு பொலம்புனா, நான் ஏதோ நாய்க்குட்டின்னு நெனச்சேன். பொம்மய அலமாரி மேல வெச்சிருக்கேன்னு எழுதியிருந்தீங்க. அலமாரி மேல வெக்கறதுக்கு அவ அத தைக்கல. புள்ளைக்கு ஏதாவது ஆயிருந்தா மறைக்காம எழுதுங்க. இவ தாங்குவா. இதுக்கு மேல என்ன இருக்கு தாங்கறதுக்கு.


ஜூன் 10

அன்புள்ள அண்ணிக்கு,

கண் எப்படி இருக்கிறது? கட்டு அவிழ்த்தாயிற்றா? இதை நீங்களே படிக்கிறீர்கள் என்று நினைத்து எழுதுகிறேன். ஒற்றைக்காது அக்காவுக்கு என் வணக்கம்.

போன வருஷக் கடைசியில் மாடி வீட்டுக்காரி, செய்தியில் வந்த உங்கள் படத்தைத் தன் போனில் வாலுவிடம் காட்டிவிட்டாள். "உங்கம்மாவப் பாரு" என்றாளாம். வார்டில் இருந்தபோது எவனோ எடுத்த படம். வாலு கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்தவள் மறுநாள் காலை வரை வெளியே வரவில்லை. இழுக்கப் போனால் கடித்தாள். அதற்குப் பிறகு இரண்டு மாதம் படுக்கையை நனைத்தாள். நான் மாடிக்குப் போய் அந்தப் பொம்பளையைத் திட்டிக் கிழித்துவிட்டு வந்தேன், என்ன பிரயோசனம். "அது அம்மா இல்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நானும் ஆமாம், அது அம்மா இல்லை என்று சொல்லிவிட்டேன். அதனால்தான் பரீட்சை, லீவு என்று உங்களிடம் சாக்குச் சொன்னேன்.

அக்கா எழுதியதைப் படித்த பிறகு பொம்மையைக் கீழே எடுத்தேன். அவளிடம் கொடுத்தேன். அவள் கொஞ்ச நேரம் உறையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு திருப்பிப் பட்டனைக் கண்டுபிடித்துக் கழற்றினாள். உள்ளே முகத்தைப் பார்த்ததும், "அம்மா" என்றாள். மச்சத்தைத் தொட்டுப் பார்த்தாள். அவளை நான் இப்படிப் பார்த்து ஒரு வருஷம் ஆகிறது, அண்ணி.

இப்போது அந்தப் பொம்மை இல்லாமல் சாப்பாடு இல்லை, தூக்கம் இல்லை. பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறாள். "எங்கம்மா முகத்த உறைக்குள்ள பத்திரமா வெச்சிருக்காங்க. அழுக்காகாம இருக்கறதுக்கு. நான் போய்க் கழட்டுவேன்." வகுப்பு டீச்சர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். எப்போது போகிறோம் என்று என்னைத் தினமும் பிடுங்கி எடுக்கிறாள். ஆகஸ்டில் பள்ளிக்கூடத்துக்குச் சேர்ந்தாற்போல் நாலு நாள் விடுமுறை வருகிறது, கூட்டிக்கொண்டு வருகிறேன். உறையை அவள்தான் கழற்ற வேண்டுமாம், பட்டன் எப்படிப் போடுவது என்று பொம்மையில் பழகிக்கொண்டிருக்கிறாள்.

நான் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. என்ன செய்வதென்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

சின்னவள்


ஜூலை 12

அன்புள்ள சின்னவளுக்கு,

வாலுவும் நீயும் நலமாக இருக்க வேண்டும். கண்ணில் கட்டு அவிழ்த்துவிட்டார்கள். முன்னைக்குப் பரவாயில்லை, ஆனால் புதுத்தோல் சுருங்கி இமை மறுபடி மேலே ஏறிவிட்டது. முழுக்க மூடாது. இன்னொரு தடவை செய்ய வேண்டுமாம். ஈரத்துணி தொடர்கிறது.

உன் கடிதத்துக்கு ஒரு மாதமாகப் பதில் எழுதாமல் இருந்துவிட்டேன். முதலில் சந்தோஷம் தாங்கவில்லை. ஆகஸ்டு என்று தையல் அறை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பேச்சு டீச்சரிடமும் படித்துக் காட்டினேன். அவர் கேட்டார், "பொம்மைக்கு உள்ள என்ன முகம் தெச்சீங்க?" எனக்கு அப்போதுதான் உறைத்தது. மற்றவர்கள் எல்லாரும் உறைக்கு அடியில் வெறும் துணியை விட்டுவிடுவார்களாம், இல்லையென்றால் இப்போதைய முகத்தைத் தைப்பார்களாம். பழைய முகத்தைத் தைத்து அனுப்பியவள் நான் ஒருத்திதான். ஊசியைக் கையில் எடுத்தபோது எனக்கு வேறு முகம் ஞாபகத்தில் இல்லை. குழந்தையை ஏமாற்ற வேண்டும் என்று நினைக்கவே இல்லை. அதுதான் நான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

இப்படியே அவள் வந்து உறையைக் கழற்றினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தேன். மறுபடி கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். அதற்கு அப்புறம் அவளை வெளியே எடுக்க நம்மால் முடியாது.

சரியான முகத்தைத் தைக்க வேண்டும் என்றால் பார்த்துத்தான் தைக்க வேண்டும். நான் பார்த்ததே இல்லை, சின்னவளே. எத்தனையோ பேர் முகத்தில் நாடாவைப் பிடித்து அளவெடுத்திருக்கிறேன். எனக்கு மட்டும் ஒற்றைக்காது அக்கா எடுப்பாள், நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பேன். உறை சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று காட்டுவதற்காகத் தையல் அறை மேசையில் ஒரு கைக்கண்ணாடி இருக்கிறது, துணி சுற்றி. அதைக் கேட்டேன். "இத வாங்கிப் பாத்துட்டு மூணு பேர் எம்மேல எறிஞ்சிருக்காங்க. நீ எறியறதா இருந்தா சன்னல் பக்கமா எறி" என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

அழுதேன். ஆனால் அழுகைக்கு முன்னால் வந்தது கோபம். யாரோ ஒருத்தி என் கண்ணை வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறாள் என்று இருந்தது. உன் அண்ணன் எனக்கு என்ன செய்தான் என்று இத்தனை மாதமாக எல்லாரும் பார்த்திருக்கிறார்கள், நான்தான் பார்க்காமல் இருந்திருக்கிறேன். கண்ணாடியைக் கவிழ்த்து வைத்துவிட்டு அறைக்கு வந்துவிட்டேன். மூன்றாம் நாள் திரும்பப் போனேன். அன்றைக்குத் தையல்காரியாகப் பார்த்தேன். எங்கே இழுத்திருக்கிறது, எங்கே சுருக்கம், என்ன நிற நூல். ரோஸ், பழுப்பு, கொஞ்சம் வெள்ளை. உதடு ஒரு பக்கம் கீழே, வலது இமை மேலே. மச்சம் இல்லை. இந்தத் தோல் தொடையிலிருந்து வந்தது, அதற்கு என் மச்சத்தைப் பற்றி என்ன தெரியும். இடது கன்னம் மட்டும் அப்படியே இருக்கிறது. அதைத் தைக்கும்போது கொஞ்சம் மெதுவாகத் தைத்தேன்.

முகத்தை மட்டும் தனித் துணியில் தைத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பழையதைப் பிரித்துவிடாதே. அதன் மேலேயே வைத்து நான்கு பக்கமும் தைத்துவிடு. அடியில் அது இருக்கட்டும், அதுவும் நான்தானே. ஆனால் வாலு பள்ளிக்கூடம் போயிருக்கும்போது தைக்காதே. அவள் பார்க்கப் பார்க்கத் தை. அம்மாவுக்கு இப்போது இப்படித்தான் முகம், அம்மாவே பார்த்துத் தைத்தது என்று சொல்.

அவள் வரமாட்டேன் என்றால் இழுத்துக்கொண்டு வராதே. என்னைப் பார்த்து அவள் அலறுவதை மட்டும் என்னால் தாங்க முடியாது. எனக்குத் தெரியாமல் உனக்கு எழுதியதை ஒற்றைக்காது அக்கா ஒப்புக்கொண்டுவிட்டாள்; தாங்க இனி ஒன்றுமில்லை என்று அவள் எழுதியது தப்பு, அது ஒன்று மீதி இருக்கிறது.

உன் அண்ணி


செப்டம்பர் 15

அன்புள்ள சின்னவளுக்கு,

ஆகஸ்டு போய்விட்டது. நான் ஒன்றும் கேட்கவில்லை. வாலு சாப்பிடுகிறாளா, தூங்குகிறாளா, மறுபடி படுக்கையை நனைக்கிறாளா என்று மட்டும் ஒரு வரி போடு. உன் உடம்பையும் பார்த்துக்கொள், அடுப்பு வெக்கையில் தண்ணீர் நிறையக் குடி.

உன் அண்ணி


அக்டோபர் 9

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? நான் சுகம். வாலு சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், படுக்கையை நனைப்பதில்லை. நீங்கள் கேட்ட ஒரு வரி இதுதான். மீதியையும் எழுதிவிடுகிறேன்.

நீங்கள் சொன்னபடி அவளை எதிரில் உட்கார வைத்துத்தான் தைத்தேன். அம்மாவே பார்த்துத் தைத்தது என்று சொன்னேன். ஒவ்வொரு தையலையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி முடிச்சைப் போட்டு நூலை அறுத்ததும் பொம்மையைப் பிடுங்கி, துணி மூட்டைக்குப் பின்னால் எறிந்துவிட்டாள். என்னையும் அடித்தாள். "நீங்கதான் கெடுத்தீங்க, நான் பாத்தேன், நீங்கதான் மேல தெச்சீங்க" என்று அழுதாள். பல நாள் என்னோடு பேச்சு இல்லை. எங்கள் அம்மாவும் பேசுவதில்லை, இவளும் பேசுவதில்லை, வீட்டில் என் செருப்புச் சத்தம்தான் எனக்குத் துணை. விடுமுறை வந்தது, போனது. உங்களிடம் போகிற பேச்சையே அவள் எடுக்கவில்லை.

உங்களிடம் மறைக்க மாட்டேன் அண்ணி. மனசு ஒரு பக்கம் கிடந்து அடித்துக்கொண்டாலும் இன்னொரு பக்கம் நிம்மதியாகத்தான் இருந்தது. இனி இவள் என்னோடேயே இருந்துவிடுவாள் என்று. எனக்கென்று யார் இருக்கிறார்கள். அந்த நிம்மதியை வைத்துக்கொண்டு உங்களுக்கு எப்படிக் கடிதம் எழுதுவது? அதனால்தான் எழுதவில்லை.

போன வாரம் அவளைப் பள்ளிக்கு எழுப்பப் போனேன். பக்கத்தில் பொம்மை படுத்திருந்தது. மூட்டைக்குப் பின்னாலிருந்து எப்போது எடுத்தாள் என்று தெரியாது. தூசி தட்டித் தலை சீவிவிட்டிருந்தாள். அதன் வலது கண்மேல் ஒரு துண்டுத் துணி, தண்ணீரில் நனைத்து வைத்திருந்தது. என்ன துணி என்று பார்த்தால், பள்ளிக்கூடச் சீருடைப் பாக்கெட்டை வெட்டியிருக்கிறாள். எனக்கு வந்த கோபத்துக்கு, "ஏண்டி வாலு, நல்ல துணிய ஏண்டி வெட்டுன?" என்று கத்திவிட்டேன். அவள் நிதானமாகச் சொன்னாள்:

"இந்தக் கண்ணு மட்டும் மூடவே மாட்டேங்குது அத்தை. அப்புறம் அது எப்படித் தூங்கும்?"

"ஈரம் எதுக்கு?"

"தொறந்தே இருந்தா எரியும்ல?"

நீங்கள் ராத்திரியில் கண்மேல் ஈரத்துணி போட்டுக்கொள்வதை நான் அவளிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. சத்தியமாகச் சொன்னதில்லை. அவளுக்கு உங்கள் கடிதங்களைப் படிக்கவும் தெரியாது. நான் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு வேலைக்கும் போகவில்லை.

சீருடையில் இன்னொரு பாக்கெட் இருந்ததே, அதையும் காணோம். கேட்டால், தலையணைக்கு அடியிலிருந்து எடுத்துக் காட்டுகிறாள். இது கொஞ்சம் பெரிதாக வெட்டியிருக்கிறாள். "இது அம்மாவுக்கு. அம்மா கண்ணு பெருசுல்ல."

அடுத்த சனிக்கிழமை பஸ்ஸில் கிளம்புகிறோம், ஞாயிறு காலை வந்து சேருவோம். அவளாகக் கேட்டாள், நான் இழுத்துக்கொண்டு வரவில்லை. எத்தனை மணிக்கு உள்ளே வரலாம் என்று எழுதுங்கள். ஐந்திலிருந்து ஆறு வேண்டாம் என்று முதல் கடிதத்தில் சொல்லியிருந்தீர்கள், எனக்கு ஞாபகம் இருக்கிறது.

சின்னவள்


அக்டோபர் 12

அன்புள்ள சின்னவளுக்கு,

இந்தக் கடிதம் நீங்கள் கிளம்புவதற்குள் வந்து சேர வேண்டும், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். நான் நலம்.

அவளை உன்னிடமிருந்து யாரும் பிடுங்கிக்கொள்ளப் போவதில்லை. தொட்டி வற்றும்வரை தண்ணீர் ஊற்றியவளை விட்டுவிட்டு நானும் அவளும் எங்கே போவோம்? இன்னும் எனக்கு நாலைந்து தடவை கத்தி படவேண்டும். அவளுக்கு அம்மாவும் வேண்டும், இழுத்துத் தலை பின்னுகிற அத்தையும் வேண்டும். இல்லத்தில் வருகிறவர்கள் தங்க ஓர் அறை இருக்கிறது. உங்கள் இருவருக்கும் கட்டில் கேட்டு வைத்துவிட்டேன். தலையணைக்குத்தான் அலைய வேண்டியிருந்தது. ஒற்றைக்காது அக்கா எங்கிருந்தோ இரண்டு கொண்டுவந்துவிட்டாள்.

ஞாயிறு காலை வந்ததும் நேரே அறைக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்டு, வாலுவை நன்றாகத் தூங்க வை. பஸ்ஸில் வந்த களைப்பு போகட்டும். அவள் வெட்டிய துணியை மறக்காமல் எடுத்துக்கொள்ளச் சொல். என்னைப் பார்க்க அவசரப்பட்டு வர வேண்டாம்.

ஐந்து மணிக்கு வாருங்கள்.

உன் அண்ணி